பத்துக்கு மூன்று

தையல் பிரித்துப் பன்னிரண்டு நாளாகிறது. குனிந்து செருப்பு மாட்ட இன்னும் முடியவில்லை, ஆனால் உட்கார்ந்து எழுத முடிகிறது. பார்க்க வருகிறவர்களுக்கெல்லாம் முதலிலிருந்து சொல்லிச் சொல்லி எனக்குத் தொண்டை கட்டிவிட்டது. கேட்டுக் கேட்டு என் மனைவி செல்விக்கும் அலுத்துவிட்டது. எழுதி வைத்துவிடுங்கள், கேட்பவர்கள் கையில் கொடுத்துவிடலாம் என்றாள். கோபம் தணிந்த பிறகு எழுதலாம் என்றுதான் இருந்தேன். தணிகிற மாதிரி தெரியவில்லை.

எனக்கு நாற்பத்திரண்டு வயது. மட்டாஞ்சேரியில் மசாலா ஏற்றுமதி செய்யும் ஒரு கிடங்கில் பத்தொன்பது வருடமாகத் தரம் பார்க்கிறேன். குறுமிளகில் ஈரம் எவ்வளவு, ஒரு லிட்டர் அளவு எத்தனை கிராம் நிற்கிறது, கலப்படம் உண்டா என்பதெல்லாம் என் பொறுப்பு. செல்விக்கு வெலிங்டன் தீவில் ஒரு சரக்கு கிளியரிங் அலுவலகத்தில் வேலை. இரண்டு பேர் குடும்பமும் மூன்று தலைமுறையாகக் கொச்சியில்தான் இருக்கிறது.

எனக்கு ஆட்டிசம் உண்டு. அது தெரிந்ததே முப்பத்தெட்டாம் வயதில். அதுவரை முரடன், வாய்த்துடுக்கு, தன் காரியக்காரன் என்று பல பெயர் எனக்கு இருந்தது. சத்தமும் வெளிச்சமும் தொடுதலும் மற்றவர்களுக்கு வடிகட்டி வருகின்றன, எனக்கு அப்படியே வருகின்றன. ஒருவர் என்ன கேட்கிறாரோ அதற்குத்தான் பதில் சொல்வேன், மனதில் என்ன வைத்துக் கேட்கிறார் என்று ஊகிக்க வராது. இன்னொன்றும் உண்டு, இந்தக் கதைக்கு அதுதான் முக்கியம். பசி, காய்ச்சல், வலி எல்லாம் எனக்குத் தாமதமாகத்தான் தெரியும். தெரிந்தாலும் எங்கே, எவ்வளவு என்று பிடிபடாது.

இதைக் கண்டுபிடித்த இடம் எறணாகுளத்தில் ஒரு குழந்தைகள் மையம். பெரியவர்களுக்கென்று தனியாக எங்களுக்கு எதுவும் கிடைக்கவில்லை. சுவர் முழுக்க வாத்தும் ஒட்டகச்சிவிங்கியும் வரைந்திருந்தார்கள். நாற்காலி என் முழங்கால் உயரம்கூட இல்லை. இரண்டு வயதில் விரலை நீட்டிப் பொருள் காட்டினேனா என்று கேட்டார்கள். அம்மா இறந்து ஆறு வருடம் ஆகியிருந்தது. யாரைக் கேட்டுச் சொல்வேன்? நான்கு முறை போன பிறகு ஒரு தாளில் எழுதிக் கொடுத்தார்கள். அந்தத் தாளிலும் 'குழந்தையின் பெயர்' என்ற இடத்தில்தான் என் பெயர் இருக்கிறது.

ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம் கிடங்கில் தொப்புளைச் சுற்றி ஏதோ பிடித்து இழுத்தது. இரண்டு முறை வாந்தி எடுத்தேன். முதலாளி என்னை ஆட்டோவில் ஏற்றி ஒரு தனியார் மருத்துவமனைக்கு அனுப்பினார். அதன் பெயரை எழுதப் போவதில்லை. வேறு எங்கே போயிருந்தாலும் இதேதான் நடந்திருக்கும் என்பது என் எண்ணம்.

அவசரப் பிரிவில் இருந்த டாக்டருக்கு இருபத்தாறு வயது இருக்கும். பெயர் நிதின். வலிக்கு ஒன்றிலிருந்து பத்து வரை எத்தனை மார்க் கொடுப்பீர்கள் என்று மலையாளத்தில் கேட்டார். பத்து என்றால் என்ன என்று கேட்டேன். கற்பனை செய்ய முடிகிற மிக மோசமான வேதனை என்றார். நான் கற்பனை செய்தேன். உடம்பில் தீப்பற்றினால் எப்படி இருக்கும், கன்டெய்னருக்கு அடியில் கால் சிக்கினால் எப்படி இருக்கும் என்று வரிசையாக யோசித்தேன். அவற்றோடு பார்த்தால் இது மூன்று. மூன்று என்றேன்.

வயிற்றில் அங்கங்கே அழுத்தி, அழுத்தும்போது வலிக்கிறதா என்று கேட்டார். கொஞ்சம் என்றேன். அதுதான் உண்மை. கையை எடுத்தபோதுதான் கத்தி இறங்கியது போல் இருந்தது. கையை எடுத்தபோது வலித்ததா என்று அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. என் முகத்தைப் பார்த்திருந்தாலும் ஒன்றும் தெரிந்திருக்காது. என் முகம் எப்போதும் ஒரே மாதிரிதான் இருக்கும் என்று செல்வி சொல்வாள். வாயுத் தொந்தரவு என்று மாத்திரை எழுதிக் கொடுத்து, "குழப்பமில்லா, சேட்டா", பயப்பட ஒன்றுமில்லை அண்ணா, என்று அனுப்பிவிட்டார்.

புதன்கிழமை முழுக்க ஒன்றும் சாப்பிடவில்லை. பசி இல்லாதது எனக்குப் புதிதல்ல என்பதால் நானும் கவனிக்கவில்லை, அலுவலகத்தில் மாதக்கடைசி வேலையில் இருந்த செல்வியும் கவனிக்கவில்லை. வியாழன் காலை ஏதோ கட்டு அவிழ்ந்தது போல் வலி சட்டென்று குறைந்தது. சரியாகிவிட்டது என்று சொல்லிவிட்டு வேலைக்குப் போனேன். குறைந்ததன் காரணம் உள்ளே ஒன்று வெடித்துவிட்டது என்பதைப் பிறகுதான் தெரிந்துகொண்டேன்.

மத்தியானம் மூட்டைகளுக்கு நடுவில் குளிர் நடுக்கத்தோடு உட்கார்ந்திருந்த என்னைப் பார்த்துவிட்டு யாரோ செல்விக்குப் போன் செய்திருக்கிறார்கள். பாலம் தாண்டி ஆட்டோவில் வந்தாள். வந்ததும் நெற்றியைத் தொடவில்லை. தொட்டால் எனக்குப் பிடிக்காது என்று அவளுக்குத் தெரியும்.

"ஒண்ணு நிமிர்ந்து நில்லுங்க, பார்க்கட்டே" என்றாள்.

எழுந்தேன். நிமிர முடியவில்லை. உடம்பு வலப்பக்கமாக மடங்கியே நின்றது.

"இப்பவும் மூணா?"

"நாலு" என்றேன்.

அவள் என்னை ஆட்டோவில் ஏற்றினாள். அதே மருத்துவமனைக்கு ஆட்டோ போனது. வழியில் வேகத்தடை ஒவ்வொன்றிலும் நான் கம்பியைப் பிடித்துக்கொண்டு எழுந்து எழுந்து உட்கார்ந்தேனாம்.

அவசரப் பிரிவில் அன்று ஒரு பைக் விபத்து வந்திருந்தது. நான்கு மானிட்டர்கள் நான்கு சுருதியில் கத்திக்கொண்டிருந்தன. தலைக்கு மேல் டியூப் லைட் துடித்துக்கொண்டிருந்தது. ஒரு நர்ஸ் வந்து, ஒரு வார்த்தை சொல்லாமல், ரத்த அழுத்தம் பார்க்கும் பட்டையை என் கையில் சுற்றினார். கையை இழுத்துக்கொண்டேன். காதைப் பொத்திக்கொண்டு முன்னும் பின்னும் ஆடத் தொடங்கினேன். அது என்னை நானே பிடித்து நிறுத்திக்கொள்ளும் வழி, வேறொன்றுமில்லை. காவலாளி வந்து பின்னாலிருந்து தோளைப் பிடித்தார். கத்தினேன். குடித்திருக்கிறாரா என்று செல்வியிடம் கேட்டார்கள்.

"குடிக்கலை. இவருக்கு ஆட்டிசமாக்கும். வயித்தில என்னமோ ஆயிருக்கு, அதைப் பாருங்க" என்று அவள் தமிழும் மலையாளமும் கலந்து சொன்னாள்.

ஆட்டிசம் என்று கேட்டதும் பதிவு மேசையில் இருந்த பெண், குழந்தைகள் பிரிவு இரண்டாம் மாடியில் என்றார். இவருக்கு நாற்பத்திரண்டு வயது என்றாள் செல்வி. கம்ப்யூட்டரில் அந்த வார்த்தையை அடித்தால் குழந்தைகள் பிரிவைத்தான் காட்டுகிறது, நான் என்ன செய்ய என்று அந்தப் பெண் திரையைத் திருப்பியே காட்டினார். பிறகு யாரோ ஒருவர் மனநல மருத்துவருக்குச் சொல்லிவிட்டார்கள். அவர் வரும்வரை மற்றது எதுவும் வேண்டாம் என்று முடிவாயிற்று. இரண்டரை மணி நேரம். திரை இழுத்த ஒரு கட்டிலில் நான் சுருண்டு கிடந்தேன். உள்ளே சீழ் பரவிக்கொண்டிருந்தது. வெளியே செல்வி ஒவ்வொருவராகப் பிடித்து முதலிலிருந்து சொல்லிக்கொண்டிருந்தாள். மேசைக்காரர்கள் பொறுமையாகத்தான் கேட்டார்கள், கேட்டுவிட்டுப் பொறுமையாக அடுத்த மேசைக்கு அனுப்பினார்கள்.

மனநல மருத்துவர் வந்தார். வயதானவர். திரையை விலக்கி இரண்டு நிமிடம் என்னைப் பார்த்தார். மனதில் ஒன்றுமில்லை, இந்த மனுஷனால் காலை நீட்ட முடியவில்லை, உடனே சர்ஜனைக் கூப்பிடுங்கள் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். அந்த இரண்டரை மணி நேரத்தில் அதைப் பார்க்க வேறு யாருக்கும் தோன்றவில்லை.

சர்ஜன் ஒரு பெண். டாக்டர் ரமணி. பாலக்காட்டுத் தமிழ் பேசினார். முதலில் என் தலைக்கு மேலிருந்த டியூப் லைட்டை அணைக்கச் சொன்னார். வலி எவ்வளவு என்று அவர் கேட்கவில்லை.

"செவ்வாய்க்கிழமைக்கு முன்னாடி செய்ய முடிஞ்சதில, இன்னைக்கு எதெல்லாம் முடியலை? சொல்லுங்கோ" என்றார்.

இதற்கு என்னால் பதில் சொல்ல முடியும். நிமிர்ந்து நிற்க முடியவில்லை. வலது காலைப் படியில் தூக்கி வைக்க முடியவில்லை. இரண்டு நாளாக ஒரு இட்லியை முடிக்கவில்லை. இருமல் வந்தபோது இருமாமல் அடக்கிக்கொண்டேன். காலையிலிருந்து சிறுநீர் கழிக்கவில்லை. சொல்லிக்கொண்டே போனேன்.

"போதும்" என்றார் அவர்.

ஸ்கேன் எடுத்தார்கள். பெருங்குடல் தொடங்கும் இடத்தில் சுண்டுவிரல் மாதிரி ஒரு குழாய் தொங்குகிறது, அதுதான் அப்பெண்டிக்ஸ். எனக்கு அது வீங்கி, அடைத்து, வெடித்து வயிறு முழுக்க அழுக்கைப் பரப்பியிருந்தது. இன்னும் அரை நாள் விட்டிருந்தால் ரத்தத்தில் கலந்திருக்கும் என்று டாக்டர் ரமணி செல்வியிடம் சொன்னாராம். அன்று சாயங்காலமே வயிற்றைத் திறந்து கழுவினார்கள்.

அடுத்த ஒன்பது நாள் வார்டில். மூக்கு வழியாக வயிற்றுக்குள் ஒரு குழாய், விலாவுக்குக் கீழே அழுக்கு வடிய ஒரு குழாய், கையில் மருந்து ஏறும் ஒரு குழாய். குடல் மறுபடி அசையத் தொடங்கும்வரை வாய்வழி ஒன்றும் கிடையாது. மூக்குக் குழாயைப் பற்றி அதிகம் எழுத முடியவில்லை. தொண்டையின் பின்பக்கம் அது உரசிக்கொண்டே இருந்தது. பிடுங்கிவிடுவேன் என்று பயந்து கையைக் கட்டப் பார்த்தார்கள். செல்வி விடவில்லை. அந்தக் குழாய் இருந்த இரண்டு நாளும் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து, கை அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் ஒரு சின்னத் துணிப்பையை என் உள்ளங்கையில் வைத்தாள். உள்ளே ஏலக்காய். உருட்டிக்கொண்டே இருந்தேன்.

அவள் மலையாளத்தில் ஒரு தாள் எழுதிக் கட்டிலுக்கு மேல் ஒட்டினாள். தொடுவதற்கு முன் சொல்லுங்கள், மேல் விளக்கு வேண்டாம், வலி எத்தனை என்று கேட்காமல் என்ன முடியவில்லை என்று கேளுங்கள் என்று மூன்றே வரி. ஜெஸ்ஸி என்ற நர்ஸ் மட்டும் அதை நின்று படித்தார். அன்றிலிருந்து ஒவ்வொன்றையும் சொல்லிவிட்டுத்தான் செய்தார். மறுநாள் தாளைக் காணவில்லை. தரப் பரிசோதனைக்கு ஆள் வருகிறார்களாம், சுவரில் எதுவும் ஒட்டக்கூடாதாம். செல்வி இன்னொன்று எழுதிக் குளுக்கோஸ் கம்பியில் கட்டினாள். அதுவும் போனது. மூன்றாவதை என் மேலேயே, போர்வையில், ஊக்கால் குத்திவிட்டாள். நானும் தரம் பார்க்கிறவன்தான். மூட்டைக்குள் என்ன இருக்கிறது என்று எழுதிய சீட்டைக் கிழித்துவிட்டுப் பரிசோதனைக்குத் தயார் என்று சொல்வதை அங்கேதான் பார்த்தேன்.

வார்டுக்கு வெளியே நடையின் கோடியில், லிஃப்டுக்குப் பக்கத்தில், ஆட்டிசம் விழிப்புணர்வுக்கு ஒரு பெரிய விளம்பரப் பலகை இருந்தது. நீல பலூனைப் பிடித்த ஒரு குழந்தை, கீழே ஓவியப் போட்டி அறிவிப்பு. நடக்கப் பழக்கும்போது தினமும் அதுவரை போய்த் திரும்புவேன். விழிப்புணர்வு அந்த லிஃப்டில் ஏறி நேராகக் குழந்தைகள் மாடிக்குப் போய்விடுகிறது போலிருக்கிறது, இடையில் எந்த மாடியிலும் நிற்பதில்லை.

பார்க்க வந்தவர்கள் நல்லவர்கள்தான். உன்னைப் பார்த்தால் அப்படித் தெரியவே இல்லையே என்று பக்கத்து வீட்டுக்காரர் பாராட்டினார். இவ்வளவு துல்லியமாக வேலை செய்கிறவனுக்கு அதெல்லாம் இருக்காது, டாக்டர்கள் சும்மா சொல்கிறார்கள் என்று முதலாளி ஆறுதல் சொன்னார். செல்வியின் அண்ணன் சேகருக்குத் தோப்பும்படியில் படகு என்ஜின் ரிப்பேர் செய்யும் ஷாப். நாலு வருடமாக இந்த ஆட்டிசத்தைப் படித்தவர்கள் கண்டுபிடித்த சாக்கு என்று சொல்லிக்கொண்டிருந்தவர் அவர். வந்தார், அரை மணி நேரம் நின்றார். பக்கத்துக் கட்டில்காரரின் டிவி சத்தத்துக்கு நான் தலையணையால் காதை மூடுவதைப் பார்த்தார், போய்விட்டார். சாயங்காலம் திரும்பி வந்தபோது கையில் ஒரு பொட்டலம்.

"டீசல் என்ஜின் ஓட்டிப் பார்க்கறப்ப எங்க பிள்ளைங்க காதில போடறது, மாப்பிள்ளே. புதுசாக்கும், எண்ணெய் படலை" என்றார்.

அந்தக் காதுமூடியைப் போட்ட பிறகுதான் நான் தூங்கினேன். நர்ஸ்கள் பாட்டுக் கேட்கிறேன் என்று நினைத்து அவ்வப்போது தூக்கிப் பார்த்தார்கள்.

ஐந்தாம் நாள் மருத்துவமனையின் சமூகப் பணியாளர் வந்தார். மென்மையாகப் பேசும் சின்னப் பெண். ஆதரவுச் சேவைகள் என்று தலைப்பிட்ட ஒரு தாளைக் கொடுத்தார். ஐந்து போன் நம்பர்கள். சாப்பாடும் இல்லை, வேலையும் இல்லை, ஆகவே ஒவ்வொன்றாகக் கூப்பிட்டேன்.

முதல் இடத்தில், "குட்டிக்கு எத்ர வயசாயி?" என்றார்கள், குழந்தைக்கு எத்தனை வயது என்று. நாற்பத்திரண்டு என்றேன். குட்டியின் அப்பாவா பேசுகிறீர்கள் என்று கேட்டார்கள். குட்டியே பேசுகிறேன் என்றேன். போன் கட்டாகிவிட்டது. இரண்டாவது இடத்தில் பதினெட்டு வயது வரைதான். அதற்குப் பிறகு என்ன ஆகிறது என்று கேட்டேன். பிறகு அவரவர் வீட்டில்தான் என்றார் அந்த அம்மாள், அது இயற்கையின் நியதி என்பது போல. மூன்றாவதில் பெரியவர்களைச் சேர்ப்பார்களாம், மெழுகுவத்தியும் காகிதப் பையும் செய்யக் கற்றுத்தருவார்களாம். எனக்கு வேலை இருக்கிறது, எனக்கு வேண்டியது மருத்துவமனைக்கும் பேங்குக்கும் கூட வந்து நான் சொல்வதை அவர்களுக்கும் அவர்கள் சொல்வதை எனக்கும் புரியவைக்க ஓர் ஆள் என்றேன். அதெல்லாம் குடும்பம் பார்த்துக்கொள்ளும் என்றார்கள். குடும்பம் அப்போது தரையில் பாய் விரித்து உட்கார்ந்தபடியே தூங்கிக்கொண்டிருந்தது. அதன் லீவு முந்தின நாளோடு தீர்ந்துவிட்டது. நான்காவது நம்பர் இப்போது ஒரு டைல்ஸ் கடையுடையது. கடைக்காரர்தான் அன்று என்னிடம் அதிக அனுதாபத்தோடு பேசியவர்.

ஐந்தாவது நம்பரில் கும்பளங்கியிலிருந்து ஒரு தாய் எடுத்தார். பெயர் மேரி. சங்கம் என்று சொன்னால் ஐந்தாறு தாய்மார்கள்தான், சனிக்கிழமை சந்திப்போம், வேறொன்றும் எங்களால் முடியவில்லை என்று மன்னிப்புக் கேட்பது போல் சொன்னார். பிறகு தயங்கி, நீங்களே அந்த ஆளா, ஐந்து நிமிடம் பேச முடியுமா என்று கேட்டார்.

அவருடைய மகனுக்கு இருபத்தேழு வயது. பேச்சு இல்லை. போன வருடம் மூன்று வாரம் சுவரில் தலையை மோதிக்கொண்டே இருந்திருக்கிறான். ஆட்டிசம் முற்றிவிட்டது என்று தூக்க மருந்தைக் கூட்டிக்கொண்டே போயிருக்கிறார்கள். கடைசியில் பார்த்தால் கடைவாய்ப் பல் ஒன்று வேர்வரை அழுகியிருந்தது.

"மூணு ஆழ்ச்ச, சாரே. நான் அவனை அடிச்சும் போட்டேன், அடங்கலைன்னு" என்றார். ஆழ்ச்ச என்றால் வாரம். பிறகு, "உள்ளுக்குள்ள எப்படி இருக்கும்? அவன் சொல்ல மாட்டான். நீங்க சொல்லுங்க" என்றார்.

எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். அவனுக்கு வேறு மாதிரி இருக்கலாம் என்றும் சொன்னேன். வலி என்று தெரியாது, ஏதோ சரியில்லை என்றுதான் தெரியும், அது உடம்பு முழுக்க இருக்கும், சுவரில் மோதினால் அந்த ஓர் இடத்திலாவது எங்கே வலிக்கிறது என்று தெரியும் என்றேன். நாற்பது நிமிடம் அந்தப் போன் நீண்டது. மருத்துவமனையிலிருந்து வந்த பிறகு இரண்டு சனிக்கிழமை அவர்களோடு வீடியோவில் பேசியிருக்கிறேன். ஆதரவுச் சேவை கேட்டுப் போன் செய்தவன், ஆதரவுச் சேவையாக வெளியே வந்தேன். எனக்கு இதில் சந்தோஷமும் உண்டு, எரிச்சலும் உண்டு.

ஒன்பதாம் நாள் டிஸ்சார்ஜ். பை கட்டியாயிற்று, சேகர் கீழே ஆட்டோவோடு நின்றார். கையில் கொடுத்த சுருக்க அறிக்கையைப் படித்தேன். எதையும் முதல் வரியிலிருந்து படிப்பவன் நான். மேலே நாலாவது வரியில் 'புவர் ஹிஸ்டோரியன்' என்று இருந்தது. ஜெஸ்ஸியைக் கேட்டேன். தன் நோயின் விவரத்தைச் சரியாகச் சொல்லத் தெரியாத நோயாளி என்று பொருளாம், டாக்டர்கள் வழக்கமாக எழுதுவதுதானாம். செவ்வாய்க்கிழமைக் குறிப்பிலிருந்து வந்திருக்கிறது.

இது தவறு, மாற்றாமல் போகமாட்டேன் என்றேன். வரிதானே, வீட்டுக்குப் போனால் யார் பார்க்கப் போகிறார்கள் என்றார்கள். அடுத்த டாக்டர் பார்ப்பார், நான் சொல்வதை நம்பவேண்டாம் என்று என் பெயரிலேயே எழுதியிருக்கிறது என்றேன். கட்டிலைத் துடைக்க ஆள் வந்து நின்றார். செல்வி கட்டிய பையை அவிழ்த்து ஃபிளாஸ்கை வெளியே எடுத்து வைத்துக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்துவிட்டாள்.

ஒரு மணி நேரம் கழித்து டாக்டர் நிதின் வந்தார். செவ்வாய்க்கிழமைக்குப் பிறகு அவரை நான் அன்றுதான் பார்த்தேன். அதுவரை வார்டுப் பக்கமே வரவில்லை. தாளை வாங்கிப் படித்தார். காது சிவந்திருந்தது.

மெதுவாகத்தான் சொன்னார். இங்கே வருகிறவர்கள் எல்லாரும் எட்டு, ஒன்பது என்பார்கள். கூட்டிச் சொன்னால்தான் கவனிப்போம் என்று அவர்களுக்குத் தெரியும். அதனால் யார் எதைச் சொன்னாலும் மனதுக்குள் பாதியாக்கிக்கொள்வது பழக்கமாகிவிட்டது.

"நீங்க மூணு சொன்னீங்க. நான் ஒன்னரைன்னு எடுத்துக்கிட்டேன்" என்றார்.

திட்ட வேண்டும் என்று ஒன்பது நாளாகச் சேர்த்து வைத்திருந்த வாக்கியங்கள் என்னிடம் இருந்தன. அந்த நேரத்தில் ஒன்றும் வரவில்லை. இவரும் ஒரு பழக்கத்தின்படி வேலை செய்கிறவர், அந்தப் பழக்கத்தை என்னிடம் யாரும் சொல்லித் தரவில்லை, என்னைப் பற்றி இவருக்கும் யாரும் சொல்லித் தரவில்லை என்று மட்டும் தோன்றியது. ஆனாலும் வரி மாற வேண்டும் என்றேன்.

என்ன எழுதட்டும் என்று கேட்டார். நான் சொன்னேன். அவர் அந்த வரியை அடித்து, மேலே பேனாவால் ஆங்கிலத்தில் எழுதி, கையெழுத்துப் போட்டு, மருத்துவமனை முத்திரையும் வாங்கிவந்து கொடுத்தார். செல்வி அதைத் தமிழில் ஒருமுறை வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தாள். அதன் பிறகுதான் எழுந்து பையைக் கட்டினாள்.

'நோயாளி கேட்ட கேள்விகளுக்குச் சரியாகப் பதில் சொன்னார். கேள்விகள் போதவில்லை.'